அந்தப் புகையைப் பற்றி யாரும் கேட்கவில்லை

அண்ணி,

இன்று கடைத்தெருவில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்றை என் தலையில் கட்டப் பார்த்தார்கள். "உள்ள வெள்ளி நானோ துகள் இருக்குதுமா. கண்ணுக்கே தெரியாது, எங்க வேணா பூந்துடும்" என்றார் கடைக்காரர், பெருமையாக. "உடம்புக்குள்ளயுமா?" என்றேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுமா." எரிச்சலில் வெறுங்கையோடு திரும்பிவிட்டேன்.

தொண்ணூறுகளில், பெரிய காஞ்சிபுரத்தில் நம் வீட்டின் பின்கட்டில், நீங்கள் பழைய பட்டுப்புடவைகளின் ஜரிகையை வெட்டி எரித்து, சாம்பலை உருக்கி வெள்ளி எடுக்கும் வேலை செய்தீர்கள். தகரக் கூரை, ஒரே ஜன்னல். நான் மூக்கைப் பொத்தினால், "உன் ஆஸ்பத்திரி வாசனைக்கு இது தேவலாம், போ" என்று சிரிப்பீர்கள்.

முதலில் உங்களுக்குக் கை நடுங்கியது. பிறகு குழம்பில் இரண்டு முறை உப்பு விழுந்தது. ஒரு நாள் ஏகாம்பரநாதர் கோயில் வாசலில் நின்று, நம் தெரு எந்தப் பக்கம் என்று பூக்காரியிடம் கேட்டீர்களாம். அப்போது உங்களுக்கு நாற்பத்திரண்டு வயது.

நான்தான் டாக்டர்களிடம் அழைத்துப் போனேன். ஒருவர் நரம்புத் தளர்ச்சி என்றார். இன்னொருவர், "வீட்ல சண்டையா?" என்றார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நர்ஸாக இருந்த நானும் சொல்லவில்லை. நீங்கள்தான் ஒரு முறை, "பொகைல உக்காந்துக்கினு இருந்தா தலை பாரமா இருக்குது. அதுவா இருக்குமோ?" என்றீர்கள். "சும்மா இருங்க அண்ணி, டாக்டருக்குத் தெரியாதா?" என்று அடக்கியது நான். அதன் பிறகு நீங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. கடைசி வருடம் என் பெயரும் உங்களுக்கு வரவில்லை.

நீங்கள் போன பிறகு மருத்துவமனையில் ஒரு வகுப்பு நடந்தது. உலோகப் புகையில் மிக நுண்ணிய துகள்கள் இருக்கும், மூக்கு வழியாக அவை மூளைவரை போகலாம், ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றார் வந்திருந்த டாக்டர். எழுந்து உங்களைப் பற்றிச் சொன்னேன். "இருக்கலாம். ரத்தத்துல உலோகம் இருக்கான்னு பார்த்தீங்களா?" என்றார். பார்க்கவில்லை, அண்ணி. இனிப் பார்க்கவும் முடியாது. அந்த வேலைதான் காரணமா, இல்லையா என்பதுகூடத் தெரியாமல் போய்விட்டது. எனக்கு ஆறாதது அதுதான்.

இப்போது நான் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் மேசையில் இருக்கிறேன். பெயர், வயதுக்குப் பிறகு, "என்ன வேலை? பொகை, தூசு இருக்குதா?" என்று எல்லோரையும் கேட்கிறேன். வரிசை நீள்கிறது, டாக்டர் சலித்துக்கொள்கிறார். நேற்று ஐயம்பேட்டையிலிருந்து ஒருவர் கை நடுங்க வந்தார். "அதெல்லாம் எதுக்குமா? மாத்திரை குடுத்தா போதும்" என்றார்.

"மாத்திரை குடுப்பாங்க. மொதல்ல சொல்லுங்கபா" என்று பேனாவோடு காத்திருந்தேன்.