வாய்க்கால் ஒப்பந்தத்தில் நான் கவனிக்காத சொல்

பாசமுள்ள அருள் அண்ணாவுக்கு,

ஐப்பசி பிறந்துவிட்டது. வெளியே நல்ல வெயில்தான். ஆனாலும் காலையிலிருந்து நாலு தடவை மாடிக்குப் போய்க் கடல் பக்கம் பார்த்துவிட்டு வந்தேன். கொஞ்சம் கறுத்தாலே பயமாக இருக்கிறது. காரணத்தை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

உன் தெரு வாய்க்காலைச் சரிசெய்யப் போகிறார்கள். நம்ம அரசாங்கமும் பிரெஞ்சு அரசாங்கமும் சேர்ந்து செய்கிற வேலை. இப்பல்லாம் மழை ஒரு மாதத்துக்கு உள்ளதை ஒரே நாளில் கொட்டிவிடுகிறது. கடலும் பொங்கி நின்றால் வாய்க்கால் தண்ணீர் போக இடமில்லாமல் வீட்டுக்குள் திரும்புகிறது. அதனால் வாய்க்காலை அகலமாக்கி, பம்பு வைத்து, கடல் வாயில் மதகு கட்டப்போகிறார்கள்.

இது மூணு வருஷத்துக்கு முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா? காலில் புண்ணோடு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நீ ஆட்களை மேட்டுக்குத் தூக்கிப் போயிருக்க வேண்டாம். "காய்ச்சல்தானே, மாத்திரை போட்டா போயிடும்" என்று நாலு நாள் படுத்திருந்தாய். கோரிமேடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உன் கண் மஞ்சளாகியிருந்தது. எலிக்காய்ச்சல் முற்றிவிட்டது என்றார்கள். அங்கிருந்து நீ வீடு திரும்பவில்லை.

அதனால்தான் ஒப்பந்தத்தைத் தமிழாக்கவும் கூட்டங்களில் பேச்சை மொழிபெயர்க்கவும் கூப்பிட்டபோது உடனே சரி என்றேன். பிரெஞ்சு டியூஷன் எடுத்துப் பிழைக்கிறவளுக்கு இது பெரிய வேலை. அதைவிட, உனக்குச் செய்கிற காரியமாக நினைத்தேன்.

கரையோர வீடுகளைப் பற்றி அதில் ஒரு பக்கம் இருந்தது. "தற்காலிகமாக வேறு இடத்தில் குடியமர்த்துதல்." வேலை முடிந்ததும் திரும்பி வரலாம். தெருவுக்கான அறிவிப்பிலும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். பிறகு திருத்திய பிரதி வந்தது. மாறிய பக்கங்களையெல்லாம் பார்த்துவிட்டதாக நினைத்தேன். இந்தப் பக்கத்தை மட்டும் பார்க்கவில்லை. "ப்ரொவிஸ்வார்" என்கிற பிரெஞ்சுச் சொல்லை அதில் நீக்கியிருந்தார்கள். தற்காலிகம் போய்விட்டது.

சம்மதம் என்று போட்ட முதல் கையெழுத்து உன் வீட்டிலிருந்துதான், பிலோமினா அண்ணியுடையது. "ஸ்டெல்லா எழுதினது, நம்பிப் போடுங்க" என்று வீடு வீடாகப் போய் வாங்கித் தந்ததும் அவங்கதான்.

தெருக்காரர்கள் கூட்டத்துக்கு முந்தின நாள் இரண்டு பிரதியையும் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் தெரிந்தது. பிரெஞ்சுப் பொறியாளர் மதாம் கிளேருக்குப் போன் போட்டேன். தட்டச்சுப் பிழையாக இருக்கும் என்று ஒரு நப்பாசை.

"இல்லை, தெரிந்தேதான் மாற்றினோம். மறுபடி அளந்து பார்த்ததில் அந்த வீடுகள் இருக்கிற இடமும் வாய்க்காலுக்கு வேண்டியிருக்கிறது. தமிழிலும் அப்படித்தானே இருக்கிறது?"

"பார்க்கிறேன்" என்று வைத்துவிட்டேன்.

சொல்லாமல் விட்டால் என்ன என்றும் யோசித்தேன் அண்ணா. உன்னிடம் மறைக்க மாட்டேன். கரையைக் காலி செய்து கொடுத்தால் மழைக்கு முன்னால் பம்பாவது வந்துவிடும். உன்னை மாதிரி இன்னொருத்தர் போகாமல் இருப்பார். வீடு பெரிசா, உயிர் பெரிசா?

மறுநாள் சமுதாயக் கூடம் நிறைந்திருந்தது. அண்ணி உன் பொண்ணு ஏஞ்சலோடு முதல் வரிசையில். நம்ம அரசாங்க அதிகாரி பேசி முடித்ததும் அண்ணிதான் எழுந்தார்கள்.

"வேல முடிஞ்சு நாங்க எப்பத் திரும்பி வரலாம்னு மதாமைக் கேளு ஸ்டெல்லா."

கேட்டேன். மதாம் கிளேர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னார். அதை நான் தமிழில் சொல்ல வேண்டும். கூடமே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"திரும்பி வர முடியாது அண்ணி. ஊருக்கு வெளிய, காலாப்பட்டு பக்கம் வீடு கட்டித் தருவாங்களாம். நான் எழுதினது தப்பு. யார் மேலயும் குத்தமில்ல, நான்தான் சரியாப் பாக்கல."

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். "காலாப்பட்டுல போயி நான் யாருக்கு இட்லி விக்கிறது?" என்று அண்ணி கேட்டார்கள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "மழைக்கு முன்னாடி தொடங்க இருந்தோமேம்மா" என்று அதிகாரி தலையில் கைவைத்தார். மதாம் கிளேர் மட்டும், "தவறாகப் புரிந்துகொண்டு போட்ட கையெழுத்தை வைத்து நான் மண்ணைத் தொட மாட்டேன்" என்றார். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.

கையெழுத்துகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இனி தை மாதம்தான் கூட்டம்.

மூணு நாள் அண்ணி என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் நானே போனேன். இட்லிப் பானையைத் துலக்கிக்கொண்டே சொன்னார்கள்: "உங்க அண்ணன் இருந்தா உன்னத் திட்டிட்டு அப்புறம் சோறு போட்டிருப்பாரு. எனக்குத் திட்ட மட்டுந்தான் தெம்பு இருக்கு." பானையைக் கவிழ்த்துவிட்டு, "அந்தக் காகிதத்த எடுத்துட்டு வா. இந்தத் தடவ எழுத்தெழுத்தாப் படி" என்றார்கள். இப்போது தினமும் சாயங்காலம் தெருக்காரர்களுக்குப் படித்துக் காட்டுகிறேன். டவுனுக்குள்ளேயே இடம் கேட்கப் போகிறார்கள். கிடைக்குமா, தெரியவில்லை.

ஆனால் மழை தை வரைக்கும் காத்திருக்காதே அண்ணா. நான் வாயைத் திறந்ததால்தான் இந்த வருஷம் பம்பு இல்லை. யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால்? உண்மையைச் சொன்னதற்கும் சேர்த்துப் பயப்பட வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

மழை பிடித்தால் என் மாடி வீட்டுக்கு வந்துவிடச் சொல்லி அண்ணியிடம் கெஞ்சினேன். வருகிறேன் என்று சொல்லவில்லை. நேற்று ஏஞ்சலின் பள்ளிப் புத்தகங்களை ஒரு பையில் கட்டிக் கொடுத்தார்கள். "இது மட்டும் உன் வீட்டுல இருக்கட்டும்."

புத்தகம் வந்துவிட்டது. ஆட்களையும் கூட்டி வந்துவிடுவேன். அண்ணி அடம்பிடித்தால் நானும் அங்கேயே போய் உட்கார்ந்துவிடுவேன். தண்ணீர் வரும்போது அவங்க ரெண்டு பேரையும் தனியாக விட மாட்டேன், சத்தியமாக.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
ஸ்டெல்லா