ராத்தாவின் கோணல் தையல்

ராத்தா,

இன்று காலை உங்கள் குண்டூசி ஒன்று என் குதிகாலில் ஏறியது. மஞ்சள் தலை வைத்த ஊசி. என்னிடம் இருப்பவை எல்லாம் வெள்ளைத் தலை; பெட்டியில் வரிசையாகக் குத்தி வைத்திருப்பேன், ஒன்று குறைந்தாலும் தெரிந்துவிடும். நீங்கள்தான் வாயில் நாலு, முந்தானையில் நாலு, தரையில் நாற்பது என்று வாழ்ந்தவர். நீங்கள் மௌத்தாகி, கண்ணை மூடி, ஒரு வருடம் தாண்டிவிட்டது. நான் வீட்டைக் கூட்டாத நாள் கிடையாது. இன்னும் உங்கள் ஊசி வந்துகொண்டுதான் இருக்கிறது. நான் கத்திய கத்தலில் இவர் பத்திரிகையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். என் கையில் இருந்த ஊசியைப் பார்த்து, "ராத்தாவா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ரத்தம் வந்தது வேறு விஷயம்.

சிரித்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்குச் சொல்ல நிறையச் சேர்ந்து கிடக்கிறது.

இந்த வருடம் என் கை சும்மா இருக்கவில்லை. கம்பளையில் இருக்கும் தங்கைக்கு நாலு குஷன் உறை தைத்தேன். மகனுடைய பழைய ஜீன்ஸ்களை வெட்டி மார்க்கெட் பை ஒன்று தைத்தேன். மெஷின் ஊசி இரண்டு உடைந்தது, ஆனால் பை நம் இருவரையும் தாங்கும். தேசிக்காய், பச்சை மிளகாய்க்கு என்று தனியாக ஒரு பொக்கெட் கூட வைத்திருக்கிறேன். மிஞ்சிய துண்டுகளை எல்லாம் சேர்த்துச் சமையலறை யன்னலுக்குத் திரை போட்டேன். எந்த நாட்டுக் கொடி என்று இவர் கேட்கிறார். அவருக்கு என்ன தெரியும்.

ஆனால் இந்த வருடத்தின் பெரிய வேலை உங்களுடையதுதான். அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நாம் பழகியதே ஓர் இழுபறியில். கட்டுகஸ்தோட்டையில் கார்மென்ட் வெட்டுத்துணிகளைக் கிலோக் கணக்கில் நிறுத்து விற்கும் கடை. மேசை மேல் மலையாகக் கட்பீஸ். நீலத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் பூப்போட்ட துணி ஒன்றை நான் பிடித்தேன். அந்தப் பக்கம் யாரோ இழுத்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் நீங்கள். "இழுக்கிறதெண்டா நல்லா இழுங்க டீச்சர், சரிபாதியாக் கிழியட்டும்" என்றீர்கள். நான் டீச்சர் இல்லை, தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவள் என்றேன். "கண்ணாடியப் பாத்தா டீச்சர் மாதிரித்தான் ஈக்கி" என்று பேச்சை முடித்துவிட்டீர்கள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே கத்தரியை எடுத்து நடுவில் வெட்டித் தந்தார். அன்றிலிருந்து நீங்கள் எனக்கு அக்கா முறையில் ராத்தா, நான் டீச்சர்தான்.

அதன் பிறகு வியாழன் பின்னேரம் என்றால் மடவளை பஸ்ஸில் மெஷினும் கையுமாக வந்து இறங்கிவிடுவீர்கள். என் சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் உங்கள் மெஷின், மறு பக்கம் என் மெஷின். நான் அடிமட்டம் வைத்து, சோக்கால் கோடு போட்டு, தையலுக்குக் கால் அங்குலம் ஓரம் விட்டுத்தான் வெட்டுவேன். நீங்கள் கண்ணளவில் சதுரம் வெட்டுவீர்கள். ஓரம் என்று நீங்கள் விட்டது ஒரு நூல் அகலம்கூட வராது. கேட்டால், "ஓரத்தில ஒளிச்சு வெக்கவா துணி வாங்கின?" என்பீர்கள். என் நேர்த் தையலைத் தூக்கிப் பார்த்து, "இதில பஸ் ஓடலாம் டீச்சர்" என்பீர்கள். அது பாராட்டு இல்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும். அஸர் நேரத்துக்கு நீங்கள் உள் அறைக்குத் தொழப் போனதும், நான் உங்கள் கோணல் தையலை அயன் பெட்டியால் அழுத்தி நேராக்கப் பார்ப்பேன். திரும்பி வந்ததும் கண்டுபிடித்துவிடுவீர்கள். "அதுக்குச் சூடு வெச்சு ஒண்டும் ஆகாது. அது அப்பிடித்தான், என்னப் போல."

அந்தச் சிவப்புக் கைத்தறித் துணியை மறக்க முடியுமா? சாயம் போகும், முதலில் நனைத்துப் பாருங்கள் என்று தலையால் அடித்துக்கொண்டேன். கேட்டீர்களா? அப்படியே வெள்ளைச் சதுரங்களோடு சேர்த்துத் தைத்தீர்கள். முதல் தோய்ச்சலிலேயே போர்வை முழுக்க ரோஸ். அடுத்த வியாழன் முகம் வாடி வருவீர்கள் என்று ஆறுதல் வார்த்தைகள் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். நீங்கள் போர்வையை விரித்துக் காட்டி, "வெள்ளைக்கு வெக்கம் வந்திட்டு, பாருங்க" என்றீர்கள். உங்கள் மச்சினி அதைப் பார்த்துவிட்டு இந்த ரோஸ் துணி எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டாராம். "இது கடையில கெடைக்காது" என்று சொன்னீர்களாம், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

இனி, நீங்கள் போன பிறகு உங்கள் மகள் வந்த கதை. மழையில் நனைந்துகொண்டு, நிறைவயிற்றோடு, கையில் ஒரு பையோடு வந்தாள். அவள் கலியாணம் முடிந்த கையோடு பேரப்பிள்ளைக்குப் போர்வை தொடங்கிய ஆள் அல்லவா நீங்கள்! பையில் இருந்தது அதுதான். பாதி தைத்து முடித்திருந்தீர்கள். மீதி வெட்டிய சதுரங்களாகவே கிடந்தது. "எனக்குத் தைக்க ஏலா. உம்மா விட்டதை நீங்க முடிச்சுத் தருவீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள். தருகிறேன் என்று வாய் சொல்லிவிட்டது.

அவள் போனதும் மேசையில் விரித்தேன். மடுல்கெல்லைக்குப் போகும் ரோடு மாதிரி உங்கள் தையல் வளைந்து வளைந்து போனது. அது பரவாயில்லை. ஒரு மூலையை லேசாக இழுத்தேன், தையல் பல்லைக் காட்டியது. பச்சைப் பிள்ளையின் போர்வை தினமும் தோய்க்கிற சாமான். இப்படியே கொடுத்தால் ஒரு மாதத்தில் அக்கக்காகக் கழன்றுவிடும். பிரித்து, ஓரம் விட்டு மறுபடி தைத்தால் நிற்கும். ஆனால் அப்போது அதில் உங்கள் துணி இருக்கும், உங்கள் கை இருக்காது. உம்மா தைத்ததைத்தானே அந்தப் பிள்ளை என்னை நம்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்?

தையல் பிரிக்கும் கத்தியை எடுத்து ஒரு விரல் நீளம் பிரித்தேன். ஒரே வரியில் மூன்று நிற நூல். தீரத் தீரக் கைக்கு எட்டியதைக் கோர்த்திருக்கிறீர்கள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அழுதேன், ராத்தா. உங்களுக்குச் சொல்ல என்ன வெட்கம். பிறகு கோபமும் வந்தது. ஒரு வியாழன் இருந்துவிட்டு அடுத்த வியாழன் இல்லாமல் போவது என்ன பழக்கம்?

சில நாள் அதை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டேன். பூட்டினாலும் மனம் அங்கேயேதான் நின்றது. ஒரு நாள் இவருடைய சட்டைக் கொலரில் நைந்த இடத்தைச் சுற்றி ஊசி ஓட்டிக்கொண்டிருந்தபோது வழி தெரிந்தது. நைந்ததைப் பிரிக்க வேண்டாம், சுற்றிப் பிடித்தால் போதும். மீதிப் பாதியை என் வழியில் நேராகத் தைத்துச் சேர்த்தேன். நடுவில் பழைய மெல்லிய கம்பளி, அடியில் மிருதுவான பருத்தித் துணி வைத்தேன். பிறகு உங்கள் ஒவ்வொரு கோணல் தையலுக்கும் இரண்டு பக்கமும், மூன்று துணியையும் சேர்த்துக் கையால் நூலோட்டினேன். உங்கள் தையல் தளர்ந்தாலும் துணி இனி அசையாது.

சொல்ல லேசு. என் ஊசி பழக்கதோஷத்தில் நேராகவே ஓடியது. நீங்கள் திரும்பிய இடத்தில் எல்லாம் நானும் திரும்ப வேண்டியிருந்தது. இந்த வளைவில் யாரோ உங்களுக்குப் போன் எடுத்திருக்கிறார்கள். இங்கே அடுப்பில் எதையோ வைத்துவிட்டு ஓடியிருக்கிறீர்கள். இங்கே நான் ஏதோ சொல்லி நீங்கள் குலுங்கிச் சிரித்திருக்கிறீர்கள். இன்னொன்று: தைக்காமல் கிடந்த சதுரங்களில் சிவப்பும் இருந்தது; தைப்பதற்கு முன்பே அவற்றைக் கோப்பைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். ஒரு துளி சாயம் இறங்கவில்லை. நனைத்துக் காயவைத்துத்தான் வெட்டியிருக்கிறீர்கள்! என்னிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா?

முடித்ததும் நானே தோய்த்துப் பிழிந்து கொடியில் போட்டேன். கிட்டப் போய்ப் பார்க்கப் பயம். காய்ந்த பிறகு இழுத்துப் பார்த்தேன். எல்லாம் நின்றது.

பெண் பிள்ளை பிறந்தது. உங்கள் மூக்கு. மடவளைக்குப் போர்வையைக் கொண்டு போனேன். உங்கள் மகள் கட்டிலில் விரித்து, முதலில் உங்கள் பாதியைத்தான் உள்ளங்கையால் தடவினாள். பிறகு பிள்ளையைத் தூக்கி அதன் மேல் கிடத்தினாள். "உம்மாட பக்கம் தலைக்கு. ஒங்கட பக்கம் காலுக்கு" என்றாள்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "காலுக்கா மகள்?" என்று கேட்டேவிட்டேன்.

"இவ ஒதைக்கிற ஒதை நீங்க பாக்கல ஆன்ட்டி. டீச்சர் தச்சா யானை இழுத்தாலும் பிரியாது எண்டு உம்மா எந்த நாளும் செல்லுவாங்க. பிரியாத பக்கம் காலுக்குத்தானே வேணும்?"

சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை என் தையலில் ஓங்கி ஓர் உதை விட்டாள்.

எந்த நாளும் சொல்வீர்களாமே! வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியாது. திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்தபடி நின்றேன். பக்கத்தில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்க்கட்டும். இப்போதும் மெஷின் முன்னால் உட்காரும்போதெல்லாம் அந்தச் சொல் என்னோடு வந்து உட்கார்ந்துகொள்கிறது. உங்களிடம் இருந்து எனக்குக் கிடைத்தது அதுதான், அதை யாருக்கும் தர மாட்டேன். நேராகத்தான் தைக்கிறேன் ராத்தா, முன்னைவிட நேராக.