பிக்கப்புக்குப் பலகை போட்ட ஓடாவி

12.05.76 புதன்
அப்பாவின் பழைய ஒஸ்ரின் பிக்கப்பின் பின்பக்கப் பலகை, மீன்தண்ணீர் பட்டுப் பட்டு உக்கிவிட்டது. நேற்று பேசாலையிலிருந்து மன்னார்ச் சந்தைக்குப் போகிற வழியில் ஒரு பாரைமீன் ஓட்டையால் றோட்டில் இறங்கிவிட்டது. மீனுக்கே அந்த வண்டியில் போக வெட்கம்.

இன்று புதுப் பலகை போட ஆள் வந்தது. யோகராசா. வள்ளம் கட்டுகிற ஓடாவி. ஓடாத வண்டிக்கு ஏற்ற ஓடாவி! பெற்றிசியா அக்காவைப் பெண் கேட்டிருப்பதும் இதே ஆள்தான். "முதல்ல வேலையைப் பாப்பம். பிறகு கலியாணத்தைக் கதைப்பம்" என்று அப்பா சொல்லிவிட்டார். அக்காவுக்கு இந்த மரமண்டைதானா கிடைத்தது?

14.05 வெள்ளி
மூன்று நாளாக முதிரைப் பலகை இழைக்கிறார். இழைக்கிறாரா, இழுக்கிறாரா?

"வள்ளத்துக்கு நெருக்கி அடிக்கிறனீங்கள், இதுக்கேன் இடைவெளி?" என்று கேட்டேன்.

இரண்டு பலகைக்கு நடுவில் ஈர்க்கை வைத்து அளந்துகொண்டே, "வள்ளத்துக்குள்ள தண்ணி வரக்கூடாது தங்கச்சி. இதுக்குள்ள தண்ணி நிக்கக்கூடாது" என்றார்.

பெரிய தத்துவம்! அக்கா கொண்டுவந்த தேத்தண்ணி ஆறிப் பச்சைத்தண்ணியான பிறகும் சிரித்துச் சிரித்துக் குடித்தார். சீ.

16.05 ஞாயிறு
நேற்று வேலை முடிந்தது. இன்று பூசைக்குப் பிறகு எல்லாரும் மத்தியான நித்திரை. ஓடாவியின் ஆயுதப்பெட்டி எங்கள் வீட்டில்தான் கிடந்தது — உள்ளே வள்ளம் அடைக்கிற பஞ்சும் குங்கிலியமும். பஞ்சை முறுக்கி முறுக்கி இடைவெளி எல்லாவற்றையும் அடைத்துவிட்டேன். அப்பா குனிந்து பார்க்கிற ஆள் இல்லை. மேலே சாக்கை விரித்துப் பெட்டிகளை ஏற்றுவார்.

17.05 திங்கள்
வெற்றி! ஐஸ் உருகிப் பிக்கப்பில் கணுக்காலளவு தண்ணீர். சந்தையில் அப்பா பின்கதவைத் திறக்க, பாய்ந்து வந்து மீன் யாபாரி மஹ்மூது நானாவின் இடுப்புச் சாரத்தை நனைத்ததாம். "என்ன அருளப்பு, வள்ளத்துக்கு நாலு சில்லுப் பூட்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறீரோ?" என்று அவர் கேட்கச் சந்தையே சிரித்ததாம். இந்தப் பகிடி எனக்கு வரவில்லையே!

அப்பா வந்த வேகத்தில் யோகராசாவைக் கூப்பிட்டார். "வள்ளத்தைத் தவிர வேற என்னடா தெரியும் உனக்கு? வேலையும் வேண்டாம், சம்பந்தமும் வேண்டாம்."

ஓடாவி குனிந்து கொஞ்சம் பஞ்சைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "என்ர பிழைதான்" என்று சொல்லிப் போய்விட்டார்.

ஏன் அப்படிச் சொன்னது? மடையன். வாயில்லையா?

18.05 செவ்வாய்
அக்கா சாப்பிடவில்லை.

20.05 வியாழன்
அக்கா பிக்கப்பில் ஏறி, ஊசியால் பஞ்சைத் தோண்டிக்கொண்டிருந்தாள். ஒரு துண்டை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இது இடக்கையால முறுக்கினது. எங்கட வீட்டில ஆர் இடக்கை, கிறேஸ்?"

"அப்பாட்டச் சொல்லப்போறியோ?"

"நான் ஏன் சொல்லுவான்? அவரும் தெரிஞ்சுதான் சொல்லேல்ல."

எல்லாம் அந்த மரமண்டையால் வந்தது. அன்றைக்கே என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நாலு அடியோடு முடிஞ்சிருக்கும். இப்ப என்ர வாயால சொல்லவேணும். எப்பிடி — என்னெண்டு தொடங்கிறது?

21.05 வெள்ளி
சொன்னேன். அப்பா அடிக்கவில்லை. பிக்கப்பில் ஏற்றிக்கொண்டுபோய் யோகராசா வீட்டு வாசலில் இறக்கி, "நீயே போய்க் கூட்டிக்கொண்டு வா" என்றார். தான் இறங்கவில்லை. ஸ்ரேறிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் வெட்கம்தான்.

26.05 புதன்
அத்தான் — இனி அப்படித்தான் கூப்பிட வேண்டுமாம் — பலகைக்கு எண்ணெய் பூசினார். ஆமை இதைவிட வேகமாகப் பூசும். அதிலும் ஒரு மூலையை விட்டுவிட்டார். ஓடாவியாம்!

அவர் சாப்பிடப் போன பிறகு அந்த மூலைக்கு நானே பூசிவிட்டேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.