ஆறுமணிக்குருவிக்கு அரிசி

ஒக்ரோபர் 14, செவ்வாய்

விடியவே மழை. உடுப்பு ஒன்றும் காயவில்லை. முன் யன்னல் கண்ணாடியில் டொக்கென்று சத்தம். போய்ப் பார்த்தால் ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு. கடல் தாண்டி வந்த களைப்பில் மோதி மயங்கிக் கிடந்தது. என் கணவர் கனடாவிலிருந்து அடம்பிடித்துப் போடுவித்த கண்ணாடி.

மாமிக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. "குருவி வந்திட்டுது பிள்ளை. இனி என்ரை மோனும் வந்திடுவான்." வருடா வருடம் அப்படித்தான். முதலில் குருவி, பிறகு தீபாவளிக்கு அவர்.

அவருக்கு வாங்கிய சப்பாத்தின் பெட்டியில் துணி விரித்துப் படுக்க வைத்தேன். கொஞ்சம் அரிசி, தண்ணீர்.

15, புதன்

அரிசி அப்படியே கிடக்கிறது. எண்ணெய் முடிந்தது.

பின்னேரம் அவர் போன் எடுத்தார். வரமாட்டாராம். இனி எப்போதுமே. அங்கே ஒருத்தியோடு இருக்கிறாராம், பிள்ளை பிறக்கப் போகிறதாம். "அம்மாட்டை நீயே பக்குவமாச் சொல்லு." நல்ல நியாயம்! செய்தது அவர், சொல்வது நான்.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

16, வியாழன்

பக்கத்து வீட்டு ராணியக்கா பெட்டியை எட்டிப் பார்த்தார். "உனக்கென்ன விசரே? உது அரிசி தின்னுமே? புழு பூச்சி பிடிச்சுக் குடு." வாழையடியில் கிளறி மண்புழு கொடுத்தேன். ஆவென்று விழுங்கியது. என்ன வேண்டுமென்று தெரியாமல் பட்டினி போட்டிருக்கிறேன். அவரையும் அப்படித்தானோ? சீ, என்ன புத்தி இது. நான் ஒரு பிழையும் செய்யவில்லை.

மாமி பணியாரத்துக்குப் பயறு வறுக்கிறார். மகனுக்காம். சொல்ல வாய் வரவில்லை.

17, வெள்ளி

மழை விட்டது. பெட்டியை முற்றத்தில் திறந்தேன். தத்தித் தத்திப் போய், சருகுக்குள் ஒரு பூச்சியைக் கொத்திவிட்டுப் பறந்தது.

"போட்டு வா ராசா, வாற வருசமும் வா" என்றார் மாமி. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நிலத்தில் இருந்து அழுதேன். மாமியும் பக்கத்தில் வந்து இருந்தார்.

"அவன் வரமாட்டான், என்ன? எனக்குத் தெரியும் பிள்ளை. போன முறை வெளிக்கிடேக்கை 'போட்டு வாறன்' எண்டு சொல்லேல்லை. 'போறன் அம்மா' எண்டவன்."

"அப்ப ஏன் மாமி பயறு வறுத்தனீங்கள்?"

"அவன் இல்லையெண்டால் நீயும் போயிடுவாய் எண்ட பயம்தான்."

எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு கடைக்கு வெளிக்கிட்டேன். படலையடியில் நின்று, "போட்டு வாறன் மாமி" என்றேன். மாமிக்குக் காது கொஞ்சம் மந்தம். திரும்பவும் பலமாகச் சொன்னேன்.