பூச்சிக்கு வைத்த பெயர்

கள்ளிக்குப்பம்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்பு மகள் ஷைலாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் இங்கே சுகம். ஈக்வடாரில் உன் சுகத்தை மார்த்தா பார்த்துக்கொள்கிறாள் என்று நீ பேசும்போதெல்லாம் சொல்கிறாய், சந்தோஷம். போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், அப்பா இதைப் படம் பிடித்து அனுப்புவார். மழை விட்டும் தெருவில் தண்ணீர் வடியவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி, தைலமும் கையுமாகக் கிடக்கிறார். நீ கண்டுபிடித்த பூச்சிக்குக் காது முன்னங்கால் முட்டிக்குக் கீழேதான் என்று நீ சொன்ன நாளிலிருந்து, எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும் கால் வலிக்கிறது, காது கேட்கவில்லை என்கிறார்.

நீ எழுதிய கட்டுரையை அவர்தான் பிரிண்ட் எடுத்து வந்தார். ஆங்கிலம் பாதி புரிந்தது, படம் முழுசாகப் புரிந்தது. பழுத்த கொய்யா இலை மாதிரி இறக்கை, உடம்பைவிட நீளமாக மீசை, ஒரு இறக்கையை இன்னொன்றில் உரசிப் பாடுமாம், இதுவரை உலகத்தில் யாருமே பெயர் வைக்காத வெட்டுக்கிளி இனமாம். அதற்கு என் மகள் பெயர் வைத்திருக்கிறாள் என்று பூரித்துப்போனேன், மார்த்தாவின் பெயர் என்று படிக்கும் வரைக்கும். வயிறு எரிந்தது ஷைலா, மறைப்பானேன். உனக்கு அறை வாடகைக்கு விட்டவள், அவ்வளவுதானே. அவள் சமையலறை விளக்குக்கு அந்தப் பூச்சி தானாக வந்து உட்கார்ந்ததாம், இதில் அவள் சாமர்த்தியம் என்ன இருக்கிறது, நம் வீட்டு விளக்குக்கு வராத பூச்சியா?

நீதானேம்மா உன் பெயர் வேண்டாம் என்றாய் என்பாய். ஆமாம், சொன்னேன். அம்பத்தூர் மார்க்கெட்டில் மீன் பார்த்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டு, உன் பெயரை வைக்கட்டுமா அம்மா என்றாய், சீ, எனக்கெதற்கு என்றேன். நம் ஆட்களில் யார் முதல் தடவையே சரி என்று சொல்லியிருக்கிறார்கள்? கல்யாணப் பந்தியில் போதும் போதும் என்று இலைமேல் கையை நீட்டினால் கரண்டியைத் திருப்பிக்கொண்டா போகிறார்கள்? இன்னொரு தடவை கேட்டிருந்தால், உன் இஷ்டம் என்றிருப்பேன். நீயோ சரிம்மா என்று போனை வைத்துவிட்டாய், அந்த ஊர்ப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஹில்டா என்ற என் பெயர், பூச்சிக்கு வைக்கும் லத்தீனில் ஹில்டே என்று எவ்வளவு லட்சணமாக இருந்திருக்கும்! எதிர்வீட்டு சரசாவிடம் சொல்லி அழுதால், இன்னாக்கா, பூச்சிக்குப் பேர் வெக்கலன்னா அழுதுகினு கீற, நாளிக்கு எவனாவது அத்த செருப்பால அடிச்சா உம்பேரத்தான சொல்லுவான் என்று சிரிக்கிறாள்.

பெயர்கூடப் போகட்டும். நேற்று அதன் பாட்டு என்று ஒன்று அனுப்பினாயே, போனை நடுவில் வைத்து இரண்டு பேரும் கேட்டோம். சீப்பில் நகத்தை இழுத்தாற்போல ஒரு சத்தம். முடியும் இடத்தில் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கூப்பிட்டது, பாஷை தெரியாவிட்டாலும் சாப்பிடத்தான் கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியாதா? நீ, இதோ வரேம்மா என்றாய். தமிழில். நான் கூப்பிட்டால் இழுத்து இழுத்துச் சொல்வாயே, அதே குரல். அப்பா கவனிக்கவில்லை, பூச்சி நன்றாகப் பாடுகிறது என்றார். நான் அந்தக் கடைசித் துண்டை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன், கேட்கக் கேட்கத் தாங்கவில்லை.

மார்த்தா நல்லவள்தான். காய்ச்சலில் உனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவள், ஆண்டவர் அவளுக்கு ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும். காட்டுக்குள் போகும்போது கால் மூடிப் போ, தலைக்கு எண்ணெய் வை, ஜெபமாலையை விட்டுவிடாதே, கிறிஸ்துமஸுக்கு எப்படியாவது லீவு கேள். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். மறக்காமல் ஒன்று செய். பூச்சிக்கு அவள் பெயரே இருந்துவிட்டுப் போகட்டும், அவளை நீ மார்த்தா என்றே கூப்பிடு. மற்றது என் பெயர்.

இப்படிக்கு,
அம்மா