தராசுப் பலகை ஓரம்

லேக் மார்க்கெட், கல்கத்தா
18-9-1974

கரக்பூரில் அண்ணன் வீட்டில் இருக்கும் என் மனைவிக்கு,

இங்கே மழை விட்டுவிட்டது. ஊரிலிருந்து அப்பளக்கட்டு வந்து சேர்ந்தது. பூஜை நெருங்குவதால் கடையில் நல்ல கூட்டம்.

இதை எழுதவா உட்கார்ந்தேன்?

அன்று சாமான் வாங்க வந்த சிவலிங்கம் சார், "உங்க வீட்டம்மா என்ன எடை இருப்பாங்க?" என்று விளையாட்டாகத்தான் கேட்டார். உன்னைக் கூப்பிட்டு மூட்டைத் தராசில் ஏறச் சொன்னவன் நான். எடைக்கல்லை வைத்தவனும் நான். "எண்பத்தாறு கிலோ! உளுந்து மூட்டையே தோத்துப்போச்சு!" என்று கடை முழுக்கக் கேட்கக் கத்தியவனும் நான்தான். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பெண் பார்த்துவிட்டு, "பூசினாப்பல இருக்கா, வீடு நிறைஞ்சிருக்கும்" என்று அம்மாவிடம் சொன்னதும் இதே வாய். இங்கே ஆபீஸ்காரர்களின் மெலிந்த மனைவிகளைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கூச்சம் வந்தது. உன் உடம்பு அப்படியேதான் இருந்தது.

பக்கத்து வீட்டு வங்காளி அம்மா, நம்ம மாஷிமா, தினமும் உன்னைக் கேட்கிறாள். உன் அண்ணனுக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்கிறேன்.

சாப்பாட்டுச் சாமான் வைக்கிற பலகை என்று நீ செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாய். இறங்கியதும் அதைப் போட்டுக்கொள்ளாமலே தெருவில் நடந்துவிட்டாய். அது இன்னும் தராசு ஓரத்திலேயே கிடக்கிறது. எடுத்து வைக்க எனக்குக் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு வருகிறேன். என்னை உள்ளே கூப்பிட வேண்டாம். செருப்பை மட்டும் போட்டுக்கொள்.

உன் வீட்டுக்காரன்