வலிக்காத தோள்

அக்டோபர் 11, சனி

கலைவாணன் அண்ணனுக்குத் தோளில் அடி என்றுதான் பெரியம்மா போனில் சொல்லியிருந்தார். அண்ணனும் வந்த அன்றே அதைத்தான் சொன்னார். பனிக்கட்டித் தரையில் ஆடும் ஹாக்கியில் எவனோ மோதி வலது தோள் பிசகிவிட்டதாம். கிளப்பில் ஓய்வு கொடுத்திருக்கிறார்களாம். குளிரில் வலி கூடுகிறது என்று சுவீடனிலிருந்து இங்கே, காரைக்கால் பக்கத்துப் பட்டினத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்.

இன்று காலை கேஸ் சிலிண்டரை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அப்பா துறைமுகத்தில் டூட்டி. "எழிலு, ஒரு கை புடிடி" என்று அம்மா கூப்பிடுவதற்குள் அண்ணன் வந்து அதை அப்படியே தூக்கி வலது தோளில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். முகம்கூடச் சுளிக்கவில்லை.

"அக்கா புள்ளைக்கு எம்மாம் பலம் பாரு" என்று அம்மாவுக்கு ஒரே பூரிப்பு.

எனக்குத்தான் நெருடுகிறது. வலது தோள் என்றுதானே சொன்னார்?

அக்டோபர் 13, திங்கள்

என் தோழி சித்திக்காவிடம் மட்டும் சொன்னேன். வகுப்பில் இவளைத் தவிர யாரிடமும் எதுவும் சொல்ல முடியாது.

"அங்க எதையாச்சும் பண்ணிட்டு ஓடியாந்திருப்பாரு. கொலையா?"

"சும்மா இருடி."

"சரி, கொலை வாணாம். லவ்வு?"

இவளிடம் சொன்னதே தப்பு. ஆனால் சில விஷயங்கள் எனக்கும் சரியாகப் படவில்லை. வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார். ஜன்னல் திரையை விலக்க விடுவதில்லை. இருபது வயது ஆள் போனைத் தொடுவதே இல்லை. நிலக்கரி லாரி ஹாரன் அடித்தால் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். போலீஸ் வண்டி என்று நினைக்கிறாரோ?

அக்டோபர் 16, வியாழன்

இன்று சாயங்காலம் தானாகவே பேசினார். அவர் தமிழ் அப்படியே பெரியம்மா தமிழ். "ஏண்டியம்மா" என்கிறார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

பெரியப்பா வேலை பார்க்கும் காகித ஆலை ஊரில் குளிர்காலத்தில் மத்தியானமே இருட்டிவிடுமாம். அஞ்சு வயதில் யாரோ போட்டுக் கழித்த சறுக்குக் காலணியோடு தொடங்கியிருக்கிறார். பெரியம்மா வேலைக்குப் போகும் முன் விடியற்காலையில் காரில் கொண்டுபோய் விட்டு, வெளியே நடுங்கிக்கொண்டு நிற்பாராம். பதினாறு வயதில் வீட்டை விட்டு வேறு ஊர் கிளப்பில் தங்கப் போய்விட்டார். அங்கே எல்லாருக்கும் இவர் 'கல்லே'. பதினெட்டில் பெரிய அணியில் முதல் ஆட்டம்.

"மொத்தமே நாலு நிமிஷம் எறக்குனாங்க. அதுல ரெண்டு தடவ வுழுந்தேன்."

அப்புறம் போன வருஷம் ஒரு சின்ன கிளப்புக்கு இவரைக் கடனாகக் கொடுத்துவிட்டார்களாம்.

"ஆளக்கூடவாடா கடன் குடுப்பாங்க? என்ன, எட்டுப்படி குண்டானா?" என்றாள் அம்மா.

இந்த வருஷம்தான் திரும்ப அழைத்திருக்கிறார்கள். ஒப்பந்தம் ஏப்ரல் வரை. இவர் இடத்தில் ஆட ஒரு பையன் தயாராக நிற்கிறானாம்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சாப்பிட்டு முடித்ததும் அதே கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். அதே நாலு நிமிஷம், அதே ரெண்டு தடவை. இப்போதுதான் முதன்முறை சொல்வது போல. அம்மா "ம்" கொட்டிக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள்.

உண்மையை யாரும் அப்படி ஒப்பிப்பதில்லை. பொய்யைத்தான் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும்.

அக்டோபர் 20, தீபாவளி

விடிந்ததும் தெருவில் சரம் போட்டார்கள். அண்ணன் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. எண்ணெய் தேய்க்கக் காத்திருந்த அம்மா கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"சரக்கு. வேற என்ன? காரக்காலு பக்கம் வர்றவனுக்கு வேற என்ன சோலி? மலிவா கெடைக்குது" என்றார் அப்பா.

"நீங்க பாத்தீங்களா?" என்றாள் அம்மா.

"நேத்தே கிட்டக்கப் போயி மோந்து பாத்துட்டேன். வாட இல்ல. அதான் சந்தேகமே. என்னமோ வெளிநாட்டு ஐட்டம்."

நல்ல நாளும் அதுவுமாகச் சண்டை. எனக்கு வாங்கிய மத்தாப்பு அப்படியே இருக்கிறது.

அக்டோபர் 27, திங்கள்

மழை. பள்ளி விடுமுறை.

அண்ணன் என் மேசைக்கு வந்து, "ஏண்டி, பத்து வார்த்த சொல்லு. நான் திருப்பிச் சொல்றேன்" என்றார். எந்த மொழியாக இருந்தாலும் பரவாயில்லையாம். குடை, நண்டு, சாவி, தேர், மிளகாய் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மூன்றுக்கு மேல் அவருக்கு வரவில்லை. முகம் சுருங்கிவிட்டது.

பாவமாக இருந்தது. மனப்பாடம் செய்வதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. நான் செய்யும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தேன்: பஸ் நிறுத்தத்திலிருந்து நம் வீடு வரை மனதுக்குள் நடக்க வேண்டும். டீக்கடை பெஞ்சில் குடை. சைக்கிள் கடை டயருக்குள் நண்டு. மருந்துக் கடைக் கல்லாவில் சாவி. திரும்ப நடந்தால் ஒவ்வொன்றாகக் கையில் கிடைக்கும்.

மூன்றாவது தடவை ஏழு சொன்னார். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தார். ஆசிரியர் வேலை எனக்கு ஒத்துவரும் போலிருக்கிறது.

நவம்பர் 3, திங்கள்

தினமும் பயிற்சி. பத்தும் வருகிறது. எண்களைத் தலைகீழாகச் சொல்கிறார். மாதங்களையும்தான்: நான் பங்குனி, மாசி, தை என்று பின்னாலிருந்து சொல்ல, அவர் டிசம்பர், நவம்பர் என்று சொல்ல, ஒரே போட்டி. பிறகு கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கிறார். அதில்தான் சாய்கிறார். அம்மா அதை யோகா என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

எதற்கு இதெல்லாம் என்றால், "மூளைக்கு எக்சர்சைஸ்" என்கிறார். கோல் போடுகிறவருக்கு நண்டும் மிளகாயும் எதற்கு?

இன்னொன்று. பத்துச் சொல்லையும் ஒப்பித்து முடித்த கையோடு, "நீ எத்தினாவது படிக்கிற?" என்று கேட்டார். நேற்றும் கேட்டார். முந்தாநாளும்.

நவம்பர் 8, சனி

இதை எழுதியே ஆக வேண்டும்.

சித்திக்கா வீட்டில் அவள் போனில் அண்ணனுடைய கிளப் பக்கத்தைத் தேடினோம். போன் தமிழாக்கிக் கொடுத்தது கோணல்மாணலாக இருந்தாலும் புரிந்தது. செப்டம்பர் ஆட்டத்தின் வீடியோ இருந்தது.

ஒருவன் பக்கவாட்டில் வேகமாக வந்து இடிக்கிறான். அண்ணன் தலை ஓரத்துக் கண்ணாடித் தடுப்பில் மோதுகிறது. தோள் இல்லை. தலை. விழுந்தவர் எழுந்து சறுக்கிக்கொண்டே போகிறார் — எதிரணிக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்கு. உள்ளே நுழையப் பார்க்கிறார். அவர்களில் ஒருவன் மெதுவாகப் பிடித்துத் திருப்பி விடுகிறான்.

சிரிக்க ஆரம்பித்த சித்திக்கா பாதியில் நிறுத்திவிட்டாள்.

தலைக்காயம், ஓய்வு, நவம்பர் கடைசியில் டாக்டர் சோதித்த பிறகுதான் ஆடலாம் என்று போட்டிருந்தது. அது என்ன சோதனை என்று தேடினோம். பத்துச் சொற்கள். எண்கள் தலைகீழாக. மாதங்கள் தலைகீழாக. ஒற்றைக் கால்.

ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்றும் இருந்தது.

கதை கதையாகச் சந்தேகப்பட்டேனே, அவருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு தடவையாவது தோன்றியதா எனக்கு? அந்தப் பத்துச் சொல்லை யாரு சொல்லிக் குடுத்தது? நான்தானே.

நவம்பர் 9, ஞாயிறு

அம்மா மீன் வாங்கப் போயிருந்த நேரத்தில் கேட்டேன்.

"தோள் இல்ல, தலைதானேண்ணே?"

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ பரீட்சைக்கு உருப்போடுறல்ல? அதுமாரிதான் இதுவும்."

"இது பரீட்ச இல்லண்ணே. காய்ச்சல் இருக்கான்னு தெர்மாமீட்டர் வச்சுப் பாக்குற மாதிரி. அத எடுத்துப் பச்சத் தண்ணில முக்கிட்டு, காய்ச்சல் போயிட்டுதுன்னு காட்டுவீங்களா?"

"இப்ப போவலன்னா அந்தப் பையன் எடத்தப் புடிச்சுருவான். ஏப்ரல்ல என்ன அனுப்பிருவாங்க. அஞ்சு வயசுலேருந்துடி. வேற எனக்கு என்ன தெரியும்?"

அம்மாகிட்ட சொல்லிடாதே என்றார். சரி என்று நான் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நவம்பர் 10, திங்கள்

வார்த்தை சொல்லச் சொன்னார். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் பயந்தாள். பிறகு, "டெஸ்ட்டுல பாசாயிட்டா சரியாயிட்டுதுன்னுதானே அர்த்தம்? ஒனக்குத்தான் நல்லா வருதே, இன்னுங் கொஞ்சம் சொல்லிக் குடு. அக்கா அவனுக்காக எவ்ளோ கஷ்டப்பட்டுருக்கு" என்றாள்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. பாஸ் ஆனால் எல்லாம் சரி என்றுதானே நானும் இத்தனை வருஷம் படித்து வந்திருக்கிறேன்.

நவம்பர் 15, சனி

பெரியம்மாவுக்குப் போன் செய்துவிட்டேன்.

சிலிண்டர், தீபாவளி, வீடியோ, பத்துச் சொற்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போன அவன்கிட்ட குடு" என்றார். அவர்கள் சுவீடிஷில் பேசினார்கள். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. பெரியம்மா அழுவது மட்டும் வெளியே கேட்டது.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அண்ணன் சொன்னது: "நீ இனிமே என்கூட பேசாத."

நவம்பர் 17, திங்கள்

அப்பா இளநீர் வாங்கி வந்து, தானே சீவி, அண்ணன் கையில் கொடுத்தார். சரக்கு என்று சொன்னதைப் பற்றி மூச்சு விடவில்லை. அண்ணன் வாங்கிக் குடித்தார். நான் டம்ளரில் கொண்டுபோன தண்ணீர் அப்படியே இருந்தது.

நவம்பர் 22, சனி

அண்ணனைச் சென்னை விமான நிலையத்துக்குக் கூட்டிப் போகக் கார் வந்தது. அம்மாவைக் கட்டிக்கொண்டார். அப்பாவுக்குக் கை கொடுத்தார். என் பக்கம் திரும்பவில்லை.

பெரியம்மாவிடம் என்ன சத்தியம் செய்திருந்தாலும் எனக்கு நம்பிக்கை இல்லை. டாக்டர் அறைக்குள் பெரியம்மா போக முடியாது. பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் வீடு வரை உள்ள தெரு இப்போது அவர் தலைக்குள் இருக்கிறது. எந்தப் பத்துச் சொல் கொடுத்தாலும் அதில் வைத்துக்கொள்வார். சொல்லிக் கொடுத்ததைத் திரும்ப எப்படி வாங்குவது?

நவம்பர் 28, வெள்ளி

பெரியம்மா கூப்பிட்டார். அண்ணன் பத்துச் சொல்லையும் ஒப்பித்துவிட்டாராம். டாக்டர் ரொம்ப நல்லது என்று எழுதப் போனாராம். "அப்ப அவனே சொல்லிட்டாண்டி. ஒரு மாசமா பழகிட்டு வந்தேன், எழுதாதீங்கன்னு."

"நெசமாவா? நீங்க சொன்னீங்களா, அவரே சொன்னாரா?"

"நான் வெளிய ஒக்காந்திருந்தேன். டாக்டருதான் வந்து சொன்னாரு."

இந்த வருஷம் இனி ஆட்டம் கிடையாது. அந்தப் பையன் இறங்கிவிட்டான். அண்ணன் பெரியம்மா வீட்டிலேயே தங்கிவிட்டார். பகலெல்லாம் தூங்குகிறாராம். ஏப்ரலுக்குப் பிறகு என்ன என்று யாருக்கும் தெரியவில்லை.

நல்லதுதான் செய்தேன் என்று அம்மா சொல்கிறாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

அண்ணன் இன்றும் போனுக்கு வரவில்லை. தூங்குகிறார் என்றார் பெரியம்மா. ஒவ்வொரு தடவையும் நாம் கூப்பிடும் நேரத்திலேயா?

ஜனவரி 15, பொங்கல்

இன்று அம்மாவிடம் பேசிவிட்டு, அவராகவே என்னிடம் கொடுக்கச் சொன்னார். "பொங்கல் வாழ்த்து" என்றார். "ஒங்களுக்கும்" என்றேன். பிறகு என்ன பேசுவது என்று தெரியாமல் பள்ளியைப் பற்றி எதையோ உளறிக்கொண்டிருந்தேன். "ம்" என்று மட்டும் சொன்னார். கேட்டாரா என்றே தெரியவில்லை.

ஜனவரி 22, வியாழன்

சாயங்காலம் அம்மாவின் போன் அடித்தது. அண்ணன். எடுத்தவள் நான்.

"ஏண்டி, ஒங்க ஸ்கூல் லைப்ரரில தேன்கூடு கட்டியிருந்துச்சே, கலைச்சாச்சா? தொறந்துட்டாங்களா?"

தேன்கூட்டால் லைப்ரரியைப் பூட்டி வைத்திருந்தார்கள்; பொங்கலன்று உளறியதில் அதுவும் ஒன்று. ஒரே தடவைதான் சொன்னேன். நான் எத்தனாவது படிக்கிறேன் என்பதையே தினமும் கேட்டவர். அம்மாவிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை. திறந்துவிட்டார்கள், இரண்டு புத்தகம் எடுத்து வந்தேன் என்றேன். என்ன புத்தகம் என்று கேட்டார். சொன்னேன்.

வைத்த பிறகு பழைய புத்தி வந்துவிட்டது. பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்திருப்பாரோ? பொங்கலன்று போன் ஸ்பீக்கரில் இருந்திருந்தால்?

அம்மா போனிலிருந்தே பெரியம்மாவுக்கு மெசேஜ் போட்டேன்: "எங்க ஸ்கூல் லைப்ரரிக்கு என்ன ஆச்சுன்னு தெரியுமா பெரியம்மா?"

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது.

"தெரியாதேடி. என்ன ஆச்சு? நான் வேலைல இருக்கேன், ராத்திரி பேசுறேன்."

ஒன்றும் இல்லை பெரியம்மா, சும்மாதான் என்று எழுதி அனுப்பினேன்.